குதிக்கால் நோகுது, உம்மா!

அஸர் தொழுதுவிட்டு மைதானத்துக்குப் பறந்து போன மகன், மஃரிபுக்கு ஒரு காலை இழுத்துக்கொண்டு வீடு வருகின்றான். என்ன என்று கேட்டால் "ஒன்றுமில்லை" என்கின்றான். மறுநாள் சுபஹுக்கு எழுப்பினால், கட்டிலிலிருந்து இறங்கி நுனிக்காலில் நடக்கின்றான். குர்ஆன் மத்ரஸாவுக்குப் போகச் சொன்னால்தான் வாய் திறக்கின்றான்: "குதிக்கால் நோகுது, உம்மா!"

அநேகமான வீடுகளில் இதற்குக் கிடைக்கும் பதில் ஒன்றுதான். "பந்தடிக்கேக்க நோகல்ல, ஓதப் போகத்தான் நோகுதோ?"

சகோதரிகளே, அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை. எட்டு வயதுக்கும் பதினான்கு வயதுக்கும் இடைப்பட்ட, ஓடியாடும் பிள்ளைகளுக்கு வரும் ஒரு குதிக்கால் நோவின் சுபாவமே அப்படித்தான். விளையாடும்போது உடம்பு சூடாக இருக்கும். மனம் பந்தின் மேல் இருக்கும். நோவு பெரிதாகத் தெரியாது. விளையாட்டு முடிந்து உட்கார்ந்த பிறகுதான் அது மெல்ல எழும். சில பிள்ளைகளுக்கு மறுநாள் காலையில்தான் தெரியவரும். ஆகவே மாலையில் ஓடியவன் காலையில் நொண்டுவது நடிப்பு என்பதற்கு ஆதாரமல்ல. இந்த நோவு இருக்கின்றது என்பதற்குத்தான் ஆதாரம்.

இன்னொரு வகைப் பிள்ளைகளும் இருக்கின்றார்கள். இல்ல விளையாட்டுப் போட்டியில் அஞ்சலோட்டத்துக்குத் தெரிவு செய்யப்பட்டிருப்பார்கள். நோவைச் சொன்னால் பெயரை வெட்டிவிடுவார்கள் என்ற பயத்தில் வாயே திறக்க மாட்டார்கள். இவர்களைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். சப்பாத்தின் பின்பக்கத்தை மிதித்து நசுக்கிப் போடுவது, படியிறங்கும்போது கைபிடியைத் தேடுவது, குதிக்கால் தரையில் படாமல் நடப்பது ஆகியவற்றைக் கண்டால் நீங்களாகவே கேளுங்கள்.

எலும்புக்குள் என்ன நடக்கின்றது?

பிள்ளையின் எலும்பு என்பது பெரியவரின் எலும்பின் சிறிய பிரதி அல்ல. குதிக்கால் எலும்பின் பின்விளிம்பில், பிறந்து பல வருடங்கள் வரை மிருதுவான குருத்தெலும்பே இருக்கும். ஏறத்தாழ ஆறு முதல் எட்டு வயதளவில் அந்தக் குருத்தெலும்புக்குள் தனியாக ஒரு சிறு எலும்புத் துண்டு உருவாகத் தொடங்குகின்றது. அதற்கும் பெரிய குதிக்கால் எலும்புக்கும் நடுவே வளர்ச்சித் தகடு என்ற மெல்லிய படை இருக்கும். பதினான்கு, பதினைந்து வயதளவில் இரண்டும் ஒன்றாக ஒட்டி ஒரே எலும்பாகிவிடும். பெண்பிள்ளைகளுக்கு இது ஓரிரு வருடம் முந்தியே நடந்து முடிகின்றது.

ஒட்டாமல் இருக்கும் அந்த வருடங்கள்தான் பலவீனமான காலம். கெண்டைக்காலின் தசை முழுவதும் கீழே ஒரு தடித்த நாணாகத் திரண்டு, சரியாக இந்தப் பின்விளிம்பில் வந்து பிடித்திருக்கின்றது. உங்கள் குதிக்காலுக்கு மேலே விரல்களால் பிடித்துப் பாருங்கள்; கயிறு போலத் தட்டுப்படுவது அதுதான். பிள்ளை ஓடும்போதும் பாயும்போதும் இந்த நாண் உடல் நிறையின் பல மடங்கு விசையுடன் அந்த இடத்தை மேலே இழுக்கின்றது. கால் தரையில் மோதும்போது கீழேயிருந்தும் அடி விழுகின்றது. மேலேயிருந்து இழுப்பு, கீழேயிருந்து இடி, நடுவில் இன்னும் இறுகாத குருத்தெலும்பு.

இதோடு வளர்ச்சியும் சேர்ந்துகொள்ளும். பெருநாளுக்குத் தைத்த கால்சட்டை மூன்று மாதத்தில் கணுக்காலுக்கு மேலே ஏறிவிடும் காலம் ஒன்று உங்கள் வீட்டிலும் வந்திருக்கும். அந்தக் காலத்தில் எலும்பு வேகமாக நீளும். தசையும் நாணும் சற்றுப் பின்தங்கும். நாண் எப்போதும் இழுபட்டபடியே இருக்கும். அதே நேரம் பாடசாலைப் பயிற்சியும் தொடங்கிவிட்டால் நோவு வந்து உட்கார்ந்துகொள்கின்றது. நம் நாட்டுப் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிக்காக, விடுமுறை முழுவதும் சும்மா இருந்த பிள்ளைகளைத் திடீரென்று இரண்டு மூன்று வாரம் வெயிலில் இறுகிய தரையில், அதுவும் வெறுங்காலுடன் ஓட விடுகின்றார்கள். குதிக்காலுக்கு இதைவிடக் கடினமான சோதனை வேறில்லை.

இதனை 1912 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் வாரன் சீவர் என்ற எலும்பு வைத்தியர் விவரித்து எழுதினார். அன்றிலிருந்து இதற்கு அவருடைய பெயரே நிலைத்துவிட்டது. டொக்டரின் துண்டில் 'சீவர்ஸ் டிசீஸ்' என்று எழுதியிருப்பதைக் கண்டு, அது 'சிவியர்', அதாவது கடுமையான நோய் என்று நினைத்துக் கலங்கும் பெற்றோர் உண்டு. கடுமையுமல்ல, சரியாகச் சொன்னால் நோயுமல்ல. வளரும் எலும்பு தாங்கும் அளவைவிடச் சற்று அதிகமாகச் சுமந்துவிட்டது, அவ்வளவுதான். அந்தத் தகடு ஒட்டியதும் இது தானாகவே இல்லாது போகும். எலும்பு கோணுவதில்லை, கால் குட்டையாவதில்லை, பெரியவனானதும் வாதமாக மாறுவதுமில்லை.

நீங்களே பார்க்கலாம்

பிள்ளையைக் கதிரையில் இருத்தி, காலை உங்கள் மடியில் வையுங்கள். முதலில் கண்ணால் பாருங்கள். வீக்கமோ, சிவப்போ, முள் குத்திய அடையாளமோ இருக்கின்றதா? பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. பிறகு குதிக்காலின் பின்பகுதியை இரு பக்கத்திலும் உள்ளங்கையால் பிடித்து மெல்ல அமுக்குங்கள். "அங்கதான்!" என்று பிள்ளை காலை இழுத்துக்கொண்டால், அது இந்த நோவின் முக்கியமான அடையாளம். மற்றக் காலையும் அப்படியே அமுக்கிப் பார்க்க வேண்டும். பல பிள்ளைகளுக்கு இரண்டு குதிக்காலிலும் இருக்கும். ஒன்றில் கூடுதலாக, மற்றதில் குறைவாக.

உங்களில் பலருக்கும் குதிக்கால் நோவு இருக்கலாம். காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைக்கும்போது உள்ளங்காலில் ஆணி குத்துவது போல் இருக்கும்; பத்தடி நடந்தால் குறையும். அது குசினியில் நாள் முழுவதும் நிற்கும் பெரியவர்களுக்கு வருவது. பாதத்தின் அடியிலுள்ள சவ்வில் உண்டாவது. பிள்ளையின் நோவு அடியில் அல்ல, பின்விளிம்பிலும் இரு பக்கங்களிலும் இருக்கும். பெயர் ஒன்றாக இருப்பதால் மருந்தும் ஒன்று என்று எண்ணி, உங்கள் வைத்தியத்தைப் பிள்ளைக்குச் செய்யாதீர்கள்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. செங்கல்லைச் சுடவைத்து, அதன்மேல் எருக்கிலை பரப்பி, குதிக்காலை வைத்து எடுக்கச் சொல்லும் உம்மும்மாமார் இன்னும் இருக்கின்றார்கள். பெரியவரின் தடித்த தோலுக்கு அது எப்படியோ, பிள்ளையின் தோல் வெந்துவிடும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் கண்ணுக்கும் ஆபத்து. அதேபோல், நோகும் இடத்தைத் தைலம் போட்டு அழுத்தி உருவுவதும் கூடாது. ஏற்கெனவே புண்பட்ட வளர்ச்சித் தகட்டைப் பெருவிரலால் நசுக்கினால் அது எப்படி ஆறும்? கெண்டைத் தசையை மேலோட்டமாக எண்ணெய் தடவி நீவிவிடுவதில் குற்றமில்லை. பிள்ளைக்கும் உம்மாவின் கை பட்டது ஆறுதலாக இருக்கும். எலும்பின் விளிம்பை மட்டும் விட்டுவிடுங்கள்.

கல்சியம் வில்லை பற்றியும் கேட்பீர்கள். இந்த நோவு கல்சியம் குறைவால் வருவதல்ல. வில்லை கொடுத்து இதைத் தீர்க்கவும் முடியாது. பாலும் நெத்தலியும் கீரையும் வழமைபோல் கொடுங்கள், போதும்.

இப்படியிருந்தால் தாமதிக்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்க வேண்டாம். "வளருற நோவுதான்" என்று சொல்லிச் சொல்லியே வேறு நோய்களைத் தவறவிட்ட கதைகளும் உண்டு.

நாம் பேசும் இந்த நோவு விளையாட்டோடு கூடும், ஓய்வோடு குறையும். பிள்ளையை இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பாது. காய்ச்சலைக் கொண்டுவராது. ஆகவே விளையாடாத நாளிலும் நோவு அப்படியே இருந்தால், நடு இரவில் பிள்ளை அழுது எழும்பினால், அது வேறு விடயம். காய்ச்சலோடு குதிக்கால் சிவந்து, வீங்கி, தொட்டால் சூடாக இருந்தால் எலும்பில் கிருமி தொற்றியிருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வெறுங்காலுடன் விளையாடும் பிள்ளைகளில் இதை விசேடமாக நினைவில் வையுங்கள். இரண்டு வாரத்துக்கு முன் ஆணியோ முள்ளோ குத்தியதை அவன் உங்களிடம் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

மதிலிலிருந்தோ மரத்திலிருந்தோ குதித்த பின் காலை ஊன்றவே முடியாவிட்டால் எலும்பு வெடித்திருக்கக்கூடும். காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் கால் விறைத்திருந்து, முழங்காலோ வேறு மூட்டுகளோ சேர்ந்து வீங்கினால், அது பிள்ளைகளுக்கு வரும் மூட்டுவாதமாக இருக்கலாம். பிள்ளை வெளிறி, மெலிந்து, சோர்ந்து போவதோடு காரணமில்லாமல் உடம்பில் நீலத் தழும்புகளும் தோன்றி, எலும்பும் நோகின்றது என்றால் இரத்தப் பரிசோதனை ஒரு நாளும் பிந்தக் கூடாது. ஆறு வயதுப் பிள்ளை குதிக்கால் நோவென்று நொண்டினாலும், பதினாறு வயதுப் பிள்ளை நொண்டினாலும் இந்தக் கட்டுரையை நம்பியிருக்க வேண்டாம். அந்த வயதுகளுக்கு இது பொருந்தாது.

இவை எதுவும் இல்லாவிட்டாலும் ஒரு தடவை டொக்டரிடம் காட்டிக்கொள்வது நல்லது. அரசாங்க வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவே போதும். அங்கே டொக்டர் காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, எக்ஸ்ரே எடுக்காமலே அனுப்பினால் குறை சொல்லாதீர்கள். "படம்கூட எடுக்கல்ல, என்ன டொக்டர்?" என்று அடுத்த தனியார் வைத்தியசாலைக்கு ஓடுவதால் வீண் செலவுதான் மிச்சம். இந்த வயதில் ஒரு நோவும் இல்லாத பிள்ளையின் படத்தில்கூட அந்தப் பின்விளிம்பு வெள்ளையாகவும், துண்டு துண்டாகவும் தெரியும். அதைப் பார்த்து "உடைந்திருக்கின்றது" என்று பயந்து கட்டுப்போட்ட பிள்ளைகளும் உண்டு. வேறு ஏதாவது சந்தேகம் இருந்தால் டொக்டரே படம் கேட்பார். ஊசி போட்டு நோவைக் கொல்ல எவராவது முன்வந்தால் மட்டும் இணங்காதீர்கள். இந்த நோவுக்குக் குதிக்காலில் ஊசி போடுவதில்லை.

சுமையைக் குறைப்பது

வைத்தியம் என்று பார்த்தால் முதலாவதும் முக்கியமானதும் சுமையைக் குறைப்பதுதான். அதற்காகப் பிள்ளையை வீட்டுக்குள் பூட்டி வைக்கச் சொல்லவில்லை. முற்றாக நிறுத்தினால் பிள்ளை மனம் உடைவான், தசையும் தளரும், அடுத்த தடவை நோவை மறைக்கவும் பழகிவிடுவான்.

ஒரு கொப்பியை எடுத்து, ஒரு வாரத்தில் அவன் எத்தனை தடவை ஓடுகின்றான் என்று அவனையே எழுதச் சொல்லுங்கள். பாடசாலைப் பயிற்சி, இடைவேளையில் ஓடிப்பிடித்தல், மாலையில் ஒழுங்கையில் கிரிக்கெட், சனிக்கிழமை உதைபந்தாட்டப் பயிற்சி, ஞாயிறு ஒன்றுவிட்ட சகோதரர்களோடு மீண்டும் பந்து. எழுதிப் பார்த்தால் உங்களுக்கே தலைசுற்றும். ஒவ்வொருவருக்கும் தன்னிடம் நடப்பது மட்டும்தான் தெரியும். பாடசாலை ஆசிரியருக்கு மாலைப் பயிற்சி தெரியாது, பயிற்றுவிப்பாளருக்கு ஒழுங்கைக் கிரிக்கெட் தெரியாது. எல்லாவற்றையும் சேர்த்துச் சுமக்கும் குதிக்கால் ஒன்றுதான்.

அதிலிருந்து எதைக் கழிப்பது என்பதைப் பிள்ளையோடு பேசி முடிவெடுங்கள். பாய்தல், வேக ஓட்டம், கயிறு பாய்தல், சீமெந்துத் தரையில் ஓடுதல் ஆகியவை முதலில் போகட்டும். சைக்கிள் ஓடலாம், பெரியவர் ஒருவர் கூட இருந்தால் நீந்தலாம். கிரிக்கெட்டில் ஓடிவந்து பந்து வீசாமல் விக்கெட் காப்பாளராக நிற்கலாம் என்று யோசிப்பீர்கள். குந்தி எழும்புவதும் நாணை இழுக்கும், ஆகவே அதையும் நோவு அடங்கும் வரை தள்ளிவையுங்கள்.

எவ்வளவு ஓடலாம் என்பதற்கு எளிதான அளவுகோல் ஒன்றிருக்கின்றது. விளையாடும்போது இலேசான நோவு வந்து, மறுநாள் காலைக்குள் போய்விட்டால் அந்த அளவு பரவாயில்லை. விளையாட்டின் நடுவே நொண்டத் தொடங்கினாலோ, காலையிலும் நொண்டினாலோ அது கூடிவிட்டது. நொண்டிக்கொண்டு எந்தப் பிள்ளையும் ஓடக் கூடாது; காற்பந்து இறுதிப் போட்டியானாலும் சரிதான்.

உடற்பயிற்சி ஆசிரியருக்கு நாலு வரியில் ஒரு கடிதம் கொடுத்து அனுப்புங்கள். "குதிக்காலின் வளர்ச்சித் தகட்டில் நோவு, ஆறு வாரத்துக்கு ஓட்டமும் பாய்ச்சலும் குறைவாக, எறிதல் நிகழ்ச்சிகளில் சேர்க்கலாம்" என்று எழுதினால் போதும். இல்லாவிட்டால் 'சோம்பேறி' என்ற பெயர் பாடசாலையிலும் ஒட்டிக்கொள்ளும்.

சப்பாத்தும் பஞ்சும்

அடுத்தது சப்பாத்து. பாடசாலைக் கன்வஸ் சப்பாத்தின் அடி பலகைபோல் தட்டை. குதிக்கால் பக்கம் ஒரு உயர்வும் இல்லை. உதைபந்தாட்டச் சப்பாத்தோ அதைவிட மோசம்: குதிக்கால் தாழ்ந்திருக்கும், அடியிலுள்ள குமிழ்கள் காய்ந்த தரையில் நேரே குதிக்காலை இடிக்கும். மழை பெய்து மண் இளகும் வரை பயிற்சிக்கு அதைப் போடாமல் சாதாரண ஓட்டச் சப்பாத்தைப் போடலாம். வாங்கும்போது பின்பக்கத்தை விரலால் அமுக்கிப் பாருங்கள். மடியாமல் உறுதியாக இருக்க வேண்டும். அடி குதிக்காலில் மெத்தென்றும், முன்னால் இருப்பதைவிடச் சற்று உயர்ந்தும் இருக்க வேண்டும். "வளருற புள்ளதானே" என்று இரண்டு இலக்கம் பெரிதாக வாங்கும் சிக்கனம் நமக்குப் புதிதல்ல. ஆனால் தொளதொளத்த சப்பாத்துக்குள் குதிக்கால் ஒவ்வொரு அடியிலும் வழுக்கி வழுக்கி உராயும். பெருவிரலுக்கு முன்னால் உங்கள் பெருவிரல் அகலம் இடமிருந்தால் போதும்.

சப்பாத்துக்குள் குதிக்காலுக்குக் கீழே ஒரு மெத்தை வைப்பது பெரும் உதவி. மருந்துக் கடைகளிலும் சப்பாத்துக் கடைகளிலும் சிலிக்கனில் செய்தவை கிடைக்கின்றன. ஏறத்தாழ ஒரு சென்றிமீற்றர் உயரம் போதும். குதிக்கால் அந்தளவு உயர்ந்தால் நாணின் இழுப்புத் தளர்கின்றது. நோவு ஒரு காலில்தான் என்றாலும் இரண்டு சப்பாத்திலும் வையுங்கள். இல்லாவிட்டால் இடுப்பு சரியும். பஞ்சை மடித்து வைத்தால் இரண்டு நாளில் அமுங்கித் தட்டையாகிவிடும், அதனால் பயனில்லை.

2016 இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றைப் பற்றி இங்கு சொல்ல வேண்டும். இந்த நோவுள்ள நூறு பிள்ளைகளளவில் மூன்று கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்தைச் சுமையைக் குறைத்துக்கொண்டு பொறுத்திருக்கச் சொன்னார்கள். இன்னொரு கூட்டத்துக்குக் குதிக்கால் மெத்தை கொடுத்தார்கள். மூன்றாவது கூட்டத்துக்கு இயன்மருத்துவப் பயிற்சி கொடுத்தார்கள். ஆறாவது வாரத்தில் மெத்தை வைத்தவர்கள் சற்று முந்தியிருந்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது மூன்று கூட்டமும் ஏறக்குறைய ஒரே அளவில் சுகமடைந்திருந்தன. ஆகவே வசதியில்லாத தாய் மனம் குறுகத் தேவையில்லை. பல ஆயிரம் ரூபாய் கொடுத்து அளவெடுத்துச் செய்விக்கும் பாதத் தகடு இல்லாவிட்டாலும் உங்கள் பிள்ளை இன்ஷா அல்லாஹ் அதே நாளில்தான் சுகமடைவான்.

வீட்டுக்குள் வெறுங்காலுடன் நடப்பது நம் வழக்கம். மாபிள் தரையிலும் சீமெந்துத் தரையிலும் நோவுள்ள பிள்ளைக்கு அது வேதனை. நோவு இருக்கும் வாரங்களில் வீட்டுக்கென்று மெத்தென்ற செருப்பொன்றைக் கொடுங்கள். பள்ளிவாசலுக்குப் போனால் தொழும் இடம் விரிப்புள்ளதாகப் பார்த்து நிற்கட்டும். அத்தஹிய்யாத்து இருப்பில் பாதத்தை மடித்து வைக்க நோகின்றது என்றால், வசதியான விதத்தில் இருக்கட்டும். இயலாதவருக்கு மார்க்கம் தந்த சலுகை சிறுவனுக்கும் உண்டு. தராவீஹில் நிற்க முடியாமல் அவன் உட்கார்ந்துவிட்டால் பின்னாலிருந்து முறைக்காதீர்கள்.

பனிக்கட்டியும் நீட்டலும்

விளையாடி வந்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் பனிக்கட்டி வைக்கலாம். யோகட் கோப்பையில் தண்ணீர் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் உறையவைத்து, மெல்லிய துவாயில் சுற்றி, குதிக்காலின் பின்பக்கத்தில் பிடித்தால் வேலை முடிந்தது. தோலில் நேரே வைத்தால் பனியும் நெருப்பைப் போலச் சுடும்.

கெண்டைத் தசையை நீட்டும் பயிற்சிக்கு ஒரு சுவர் போதும். பிள்ளை சுவரில் இரு கைகளையும் ஊன்றி, ஒரு காலை முன்னாலும் ஒரு காலைப் பின்னாலும் வைக்க வேண்டும். பின்கால் நேராக இருக்க வேண்டும், குதிக்கால் தரையை விட்டு எழும்பக் கூடாது. அப்படியே உடம்பை முன்னால் சாய்த்தால் கெண்டையில் ஓர் இழுப்புத் தெரியும். அதே நிலையில் இருபது முப்பது விநாடி நின்று, விட்டு, மூன்று தடவை செய்ய வேண்டும். பிறகு பின் முழங்காலைச் சற்று மடித்து அதேபோல் செய்ய வேண்டும். குலுக்கி ஆட்டக் கூடாது. குதிக்காலில் நோவு எடுத்தால் நிறுத்திவிட்டு, நோவு அடங்கிய பின் தொடங்கலாம். சுபஹுக்குப் பின் ஒரு தடவை, இஷாவுக்குப் பின் ஒரு தடவை என்று தொழுகையோடு சேர்த்துவிட்டால் மறக்காது.

நோவு அதிகமான நாளில் பரசிட்டமோல் கொடுக்கலாம். ஒரு வேளைக்குப் பிள்ளையின் நிறையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை. 20 கிலோ பிள்ளைக்கு 200 முதல் 300 மில்லிகிராம். 500 மில்லிகிராம் வில்லையை முழுதாகக் கொடுப்பது அவனுக்குக் கூடுதல். விளையாடப் போவதற்கு முன் நோவு தெரியாமலிருக்கக் கொடுப்பது மட்டும் வேண்டாம். நோவுதான் அவனை நிறுத்தும் காவலாளி. இபுபுரூபன் போன்ற மருந்துகளை டொக்டர் சொல்லாமல் கொடுக்காதீர்கள். டெங்கு பரவும் நாட்டில் இருக்கின்றோம். காய்ச்சல் தொடங்கிய பிள்ளைக்கு அது உள்ளே போனால் இரத்தக் கசிவு ஏற்படலாம். பிள்ளைகளுக்கு அஸ்பிரின் வேண்டவே வேண்டாம்.

மகளையும் கேளுங்கள்

இதுவரை 'மகன், அவன்' என்றே எழுதிவந்தாலும் இந்த நோவு பெண்பிள்ளைகளுக்கும் வரும். அவர்கள் முந்தி வளர்வதால் எட்டு, ஒன்பது வயதிலேயே தொடங்கிவிடும். வலைப்பந்து விளையாடும் பிள்ளைகளுக்கு, ஓடுவதும் பாய்ந்து நிற்பதும் மாறி மாறி வருவதால், அதிகம் வரலாம். மகன் நொண்டினால் டொக்டரிடம் ஓடுகின்றோம். மகள் நொண்டினால் "இதுக்குத்தான் சொன்னேன், பொம்புளப் புள்ளைக்கு என்ன ஓட்டம்?" என்கின்றோம். நோவு வந்ததைச் சாட்டாக வைத்து அவளுடைய விளையாட்டையே நிறுத்திவிடும் வீடுகளும் உண்டு. அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் நபி (ஸல்) அவர்களோடு ஓட்டப் போட்டி ஓடி வென்றதும், பின்னொரு காலத்தில் நபியவர்கள் அவரை வென்று, அது அதற்குச் சரியாகிவிட்டது என்று சொன்னதும் நாம் சிறு வயது முதல் கேட்டுவரும் செய்திதானே. மகளின் குதிக்காலுக்கும் அதே மெத்தை, அதே பனிக்கட்டி, அதே ஆறு வாரம்தான்.

மீண்டும் மைதானத்துக்கு

பெரும்பாலான பிள்ளைகள் சில வாரங்களிலிருந்து இரண்டு மூன்று மாதத்துக்குள் தேறிவிடுவார்கள். பின்விளிம்பை அமுக்கினால் நோவில்லை, நுனிக்காலில் பத்துத் தடவை ஏறி இறங்கினால் நோவில்லை, வேகமாக நடந்தால் நோவில்லை என்று வந்த பின் மெல்லோட்டம் தொடங்கலாம். முதல் வாரம் ஒன்றுவிட்டொரு நாள், பத்து நிமிடம். அதில் பிரச்சினை இல்லாவிட்டால் நேரத்தைக் கூட்டலாம். வேக ஓட்டமும் பாய்தலும் கடைசியில். நோவு போன அன்றே முழுப் போட்டியில் இறங்கிய பிள்ளை மறுவாரம் பழைய இடத்துக்கே திரும்பி வருவதைப் பயிற்றுவிப்பாளர்கள் நன்கறிவார்கள். இரண்டு மூன்று மாதம் இவ்வளவும் செய்தும் ஒரு குறைவும் தெரியாவிட்டால் மறுபடி வைத்தியசாலைக்குப் போய், எலும்பு கிளினிக்குக்கோ இயன்மருத்துவரிடமோ அனுப்பும்படி கேளுங்கள்.

சுகமான பிறகும் அந்தக் குதிக்கால் மெத்தைகளை வீசிவிடாமல் அலுமாரியில் வையுங்கள். வளர்ச்சித் தகடு ஒட்டும் வரை, அதாவது பதினான்கு, பதினைந்து வயது வரை, இந்த நோவு திரும்பவும் வரலாம். பெரும்பாலும் அடுத்த வருடம் கால்சட்டை மறுபடியும் குட்டையாகி, இல்ல விளையாட்டுப் பயிற்சியும் தொடங்கும் வாரத்தில் வரும். நொண்டத் தொடங்கும் வரை காத்திராமல், பயிற்சி தொடங்க ஒரு மாதத்துக்கு முன்பே சுவர் நீட்டலைத் தொடங்கி, மெத்தைகளைச் சப்பாத்துக்குள் வைத்துவிடுங்கள்.